நாய் கடித்துவிட்டால்: முதல் பதினைந்து நிமிடத்திலிருந்து கடைசி ஊசி வரை

ரேபிஸ் எனும் வெறிநோய் வந்த பிறகு ஆளைக் காப்பாற்ற இன்றுவரை மருந்து இல்லை. வராமல் தடுக்க மருந்து இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே கிடைக்கிறது. அப்படியும் 2024-இல் நம் மாநிலத்தில் 43 பேர் இந்த நோயில் இறந்தார்கள். அந்த ஆண்டில் பதிவான நாய்க்கடிகள் ஏறக்குறைய 4.8 லட்சம். கடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் தப்பிவிட்டார்களே என்று ஆறுதல் அடையலாம். எனக்கு அந்த 43 தான் உறுத்துகிறது. ஏனென்றால் இந்த நோயில் நேரும் சாவு ஏறக்குறைய ஒவ்வொன்றும் தடுத்திருக்கக்கூடிய சாவு.

யாரையாவது நாய் கடித்தால் ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஊசி போட்டாச்சா?” நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் “சோப்புப் போட்டுக் கழுவினீங்களா?” என்றும், அதற்குப் பின்னால் “காயத்துக்குள்ள சீரம் போட்டாங்களா?” என்றும் கேட்க வேண்டும். கழுவுதல், சீரம் (காயத்துக்குள்ளேயே போடும், தயாராகச் செய்துவைத்த எதிர்ப்பு மருந்து), தடுப்பூசி என்று மூன்று காவல் இருக்கிறது. மக்கள் மனதில் நிற்பது மூன்றாவது மட்டும்தான். அதனால் முதல் இரண்டையும் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடிபட்ட இடத்தில் என்ன நடக்கிறது

நோயுள்ள விலங்கின் எச்சிலில் ரேபிஸ் வைரஸ் இருக்கிறது. பல் இறங்கிய இடத்தில் அது தசைக்குள் போய், அருகில் உள்ள நரம்பு முனையைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு அந்த நரம்பு வழியாகவே மெதுவாக ஏறித் தண்டுவடத்தையும் மூளையையும் அடைகிறது. நரம்புக்குள் நுழைந்துவிட்ட வைரஸை நம் உடலின் எதிர்ப்பு சக்தியால் எளிதில் எட்ட முடியாது. மூளைக்குப் போன பிறகு காய்ச்சல், கடிபட்ட இடத்தில் குறுகுறுப்பு, தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகுவது, காற்று பட்டாலே துடிப்பது என்று அறிகுறிகள் தொடங்கும். சிலருக்கு இந்த ஆர்ப்பாட்டம் எதுவுமில்லாமல் கைகால் செயலிழப்பாகவே வரும். அதன் பிறகு சில நாட்கள்தான்.

கடிபட்ட நாளுக்கும் அறிகுறி தொடங்குவதற்கும் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலேயே வந்ததும் உண்டு, அபூர்வமாக ஒரு வருடம் கடந்து வந்ததும் உண்டு. முகம், தலை, கழுத்து, விரல் நுனி போன்ற இடங்களில் கடித்தால் ஆபத்து அதிகம். அங்கெல்லாம் நரம்பு நெருக்கமாக இருக்கிறது. தலை, முகம், கழுத்து என்றால் மூளைக்கும் தூரம் குறைவு. குழந்தைகள் உயரம் குறைந்தவர்கள் என்பதால் நாய் பாயும்போது பல் நேராக முகத்தில் படுகிறது. குழந்தை கடிபட்டால் ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்கக் கூடாது என்பதற்கு அதுதான் காரணம்.

முதல் வேலை குழாயடியில்

ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்னால் குழாயடிக்கு ஓட வேண்டும். ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அந்தக் கொழுப்பைக் கரைத்து வைரஸைச் செயலிழக்க வைக்கிறது. அதனால் எந்தச் சோப்பு என்று தேட வேண்டியதில்லை. குளியல் சோப்பு, துணி சோப்பு, சோப்புத் தூள், எது கையில் கிடைக்கிறதோ அது போதும்.

ஒரு சிறுவனின் கெண்டைக்காலில் நாய் கடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேண்ட்டையோ கால்சட்டையையோ முழங்காலுக்கு மேலே ஏற்றிவிடுங்கள். கழற்றினால் இன்னும் நல்லது. துணியிலும் எச்சில் இருக்கும். காலைக் குழாயின் கீழே நீட்டி வையுங்கள். குழாய் இல்லாவிட்டால் ஒருவர் சொம்பால் தொடர்ந்து ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். சோப்பை நுரை வரக் குழைத்துக் காயத்தின் மேலும் சுற்றிலும் தேய்த்து, பல் இறங்கிய குழிகளுக்குள் தண்ணீர் போகும்படி விடுங்கள். நுரையைக் கழுவுங்கள், மறுபடி சோப்புப் போடுங்கள், மறுபடி கழுவுங்கள். இப்படிப் பதினைந்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்தே செய்யுங்கள், ஏனென்றால் அழுகிற குழந்தையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மூன்று நிமிடமே அரை மணி நேரம் மாதிரித் தெரியும். குழந்தைக்கு எரியும், கத்துவான். பாவம் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். முடிந்தால் கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கையில் வெட்டுக்காயம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, கழுவி முடித்ததும் தன் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

கண்ணிலோ வாய்க்குள்ளோ எச்சில் பட்டிருந்தால் அங்கே சோப்பு வேண்டாம். வெறும் தண்ணீரை நிறைய விட்டு அலசுங்கள்.

கழுவிய பிறகு பொவிடோன் அயோடின் மருந்து வீட்டில் இருந்தால் தடவலாம். பெரும்பாலும் பெட்டாடின் என்ற பெயரில் மருந்துக்கடையில் கிடைக்கும். அது இல்லையென்றால் ஸ்பிரிட். இரண்டும் இல்லையென்றால் அதற்காக நேரம் கடத்த வேண்டாம். கடித்துப் பல மணி நேரம் ஆகிவிட்டது, இன்னும் கழுவவில்லை என்றாலும் இப்போது கழுவுங்கள். வழியில் கழுவ முடியாமல் போயிருந்தால் ஆஸ்பத்திரியில் போனதுமே “முதல்ல கழுவணும்” என்று கேளுங்கள். பல மருத்துவமனைகளில் நாய்க்கடிக்கென்றே குழாயும் சோப்பும் வைத்திருக்கிறார்கள்.

காயத்தில் வைக்கக் கூடாதவை ஒரு பெரிய பட்டியலாகவே நம் ஊரில் உலவுகின்றன: மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள், வேப்பெண்ணெய், பச்சிலைச் சாறு. இவை எதுவும் வைரஸைத் தடுப்பதில்லை. காயத்தைப் புண்ணாக்கி, எச்சிலை உள்ளே அழுத்திவிடும். மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் சிகிச்சை தொடங்க வேண்டியிருக்கும். சூடு போடுவதும் கூடாது. காயத்தை இறுக்கிக் கட்டுவதும் கூடாது. மந்திரித்துக் கயிறு கட்டுவது சிலருக்கு மனத்தெம்பு தரலாம். அதை வேண்டாம் என்று சண்டை போட எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஊசி போட்ட பிறகுதான் அது. மந்திரிக்கப் போய்விட்டு மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வருவது உயிரோடு விளையாடுவது.

எது கடி, எது கடி இல்லை

உலகம் முழுக்க மருத்துவர்கள் இதை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். நாயைத் தொட்டது, சாப்பாடு போட்டது, காயமில்லாத தோலை அது நக்கியது எல்லாம் முதல் வகை. கழுவிக்கொண்டால் போதும், ஊசி தேவையில்லை.

இரண்டாம் வகை, ரத்தம் வராத கீறல், மூடாத தோலை லேசாகக் கவ்வியது. இதற்குத் தடுப்பூசி கட்டாயம்.

மூன்றாம் வகைதான் ஆபத்தானது. தோல் கிழிந்து ரத்தம் வந்த எந்தக் கடியும், எந்தப் பிறாண்டலும் இதில் சேரும். ஏற்கெனவே இருந்த புண்ணில் நாய் நக்கியதும், கண், வாய், மூக்கில் எச்சில் தெறித்ததும் இதே வகைதான். இதற்குத் தடுப்பூசியோடு சீரமும் வேண்டும். இங்கே ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் மூன்றாம் வகைதான் என்பதைக் கவனியுங்கள். “லேசாப் பல்லு பட்டுச்சு, ஒரு புள்ளி ரத்தம்தான்” என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. காயம் சிறியது என்பதால் வைரஸ் உள்ளே போகாது என்று அர்த்தமில்லை.

ரத்தம் வந்ததா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால், கழுவி முடித்த இடத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுப் பாருங்கள். சுரீர் என்று எரிந்தால் தோல் கிழிந்திருக்கிறது என்று பொருள்.

எந்தெந்த விலங்கு

மனிதருக்கு வரும் ரேபிஸில் உலக அளவில் 99 சதவீதம் நாயிடமிருந்து வருகிறது. தெருநாய், வளர்ப்பு நாய், நாய்க்குட்டி எல்லாமே இதில் அடக்கம். குட்டி கடித்தால் ஒன்றுமில்லை என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அது தவறு. தாயிடம் கடிபட்ட குட்டி, பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தபடியே நோயைச் சுமக்கலாம். பூனை, குரங்கு, நரி, கீரி, காட்டு விலங்குகள் என்று எது கடித்தாலும் பிறாண்டினாலும் மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டு எலி, அணில், முயல் கடித்ததற்குப் பொதுவாக நாய்க்கடி ஊசி தேவைப்படாது. ஆனாலும் காயத்தைக் கழுவிக் காட்டிவிடுவது நல்லது.

மாடு வளர்க்கும் வீடுகளில் நடக்கும் ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாய் கடித்த மாடு சில வாரங்கள் கழித்துத் தீனி எடுக்காமல், ஓயாமல் கத்திக்கொண்டு, வாயில் எச்சில் ஒழுக நிற்கும். பார்க்கிறவர்களுக்குத் தொண்டையில் ஏதோ சிக்கியிருப்பதாகத்தான் தோன்றும். உடனே வீட்டுக்காரர் கையை வாய்க்குள் விட்டுத் துழாவுவார். மாட்டின் பல் கீறிய கையோடு, எச்சில் முழங்கை வரை. அது மூன்றாம் வகைத் தொடர்பு. அப்படி நிற்கும் மாட்டின் வாயில் கை விடாதீர்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே விட்டுவிட்டிருந்தால் கையைக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த மாட்டின் பாலைக் கறந்து பயன்படுத்த வேண்டாம். முன்பே காய்ச்சிக் குடித்திருந்தால் பயப்படத் தேவையில்லை, காய்ச்சும் சூட்டில் வைரஸ் தாங்காது.

நாய்க்கு வெறி இருக்கிறதா என்று கண்டுபிடிக்கத் தண்ணீர் வைத்துப் பார்ப்பது ஊர் வழக்கம். “குடிச்சிருச்சு, அப்போ வெறி இல்ல” என்று முடிவு கட்டிவிடுவார்கள். தண்ணீரைக் கண்டு மிரள்வது மனிதருக்கு வரும் அறிகுறி. வெறிநாய் தண்ணீரைப் பார்த்துப் பயப்படுவதில்லை. நாயிடம் பார்க்க வேண்டியவை வேறு: காரணமில்லாமல் எதிர்ப்பட்டவரையெல்லாம் கடிப்பது, கல், கட்டை என்று கண்டதையும் கவ்வுவது, குரைப்பு கரகரத்து மாறிப்போவது, தாடை தொங்கி எச்சில் வடிவது, தள்ளாடுவது. சில நாய்கள் இது எதுவும் காட்டாமல் இருட்டு மூலையில் ஒடுங்கிக் கிடந்து செத்துவிடும்.

ஆஸ்பத்திரியில்

அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். ஞாயிற்றுக்கிழமை, இரவு நேரம் என்று தள்ளிப்போட வேண்டாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 எண்ணில் கேட்கலாம். முகத்திலோ கழுத்திலோ பெரிய காயம், ரத்தம் நிற்கவில்லை என்றால் 108.

ஓ.பி. சீட்டு போட்டு உள்ளே போனதும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை: எப்போது கடித்தது, எந்த விலங்கு, ரத்தம் வந்ததா, எத்தனை காயம், இதற்கு முன் நாய்க்கடி ஊசி போட்டதுண்டா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள். காயங்களை எண்ணிக் காட்டுங்கள். குழந்தையென்றால் உடைகளைக் கழற்றி முதுகு, தொடை, தலைமுடிக்கு உள்ளே எல்லாம் பாருங்கள். கண்ணில் படாமல் விட்டுப்போன ஒரு சிறு காயம் சீரம் கிடைக்காத காயமாகிவிடும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. தெருமுனை கிளினிக்கில் ‘டி.டி.’ ஊசி ஒன்று போட்டுவிட்டு, நாய்க்கடிக்கு ஊசி ஆயிற்று என்று வீடு திரும்பிவிடுகிறார்கள். டி.டி. என்பது ரணஜன்னிக்கு. அதுவும் வேண்டியதுதான், ஆனால் ரேபிஸை அது தொடக்கூட முடியாது. சீட்டில் ‘ஏ.ஆர்.வி.’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ரேபிஸ் தடுப்பூசியை மருத்துவமனைகளில் அப்படித்தான் சொல்வார்கள்.

சீரம்: அதிகம் தவறவிடப்படும் மருந்து

தடுப்பூசி போட்டவுடன் உடலில் எதிர்ப்பு உருவாகிவிடுவதில்லை. ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். அந்த இரண்டு வாரத்தில் காயத்தில் தங்கியிருக்கும் வைரஸ் நரம்புக்குள் நுழைந்துவிட்டால்? அந்த இடைவெளியை அடைப்பதுதான் சீரத்தின் வேலை. ரேபிஸ் இம்யூனோகுளோபுலின் என்பது இதன் மருத்துவப் பெயர். சீட்டில் ‘ஏ.ஆர்.எஸ்.’ அல்லது ‘ஆர்.ஐ.ஜி.’ என்று எழுதுவார்கள். இது தயாராகச் செய்துவைத்த எதிர்ப்பு சக்தி. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது ஒரு வகை, மனித ரத்தத்திலிருந்து எடுப்பது இன்னொன்று. ஆய்வகத்தில் உருவாக்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடிகளும் சில ஆண்டுகளாக இந்தியாவில் கிடைக்கின்றன.

அளவு உடல் எடையைப் பொறுத்தது. குதிரைச் சீரம் கிலோவுக்கு 40 யூனிட், மனித சீரம் கிலோவுக்கு 20 யூனிட். 15 கிலோ குழந்தைக்குக் குதிரைச் சீரம் 600 யூனிட். ஒரு மில்லிக்கு 300 யூனிட் உள்ள குப்பியென்றால் வெறும் 2 மி.லி. எடையைச் சரியாகச் சொல்லுங்கள், முடிந்தால் அங்கேயே எடை பார்க்கச் சொல்லுங்கள்.

இதை எங்கே போடுகிறார்கள் என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். சீரம் காயத்துக்குள்ளேயும், காயத்தின் விளிம்பைச் சுற்றியும் போக வேண்டும். நர்ஸ் அல்லது டாக்டர் ஊசியைக் காயத்தின் ஓரத்தில் செருகி, கொஞ்சம் மருந்து விட்டு, வெளியே எடுத்து, பக்கத்தில் செருகி, மறுபடி கொஞ்சம் விட்டு, இப்படிக் காயம் முழுக்கச் சுற்றி வருவார். விரல் நுனியில் கடித்திருந்தால் மிக மெதுவாகப் போடுவார், அங்கே சதை குறைவு என்பதால் அதிகம் ஏற்றினால் ரத்த ஓட்டம் தடைபடும். பல இடத்தில் கடித்த குழந்தைக்கு 2 மி.லி. எல்லாக் காயத்துக்கும் பற்றாது. அப்போது நார்மல் சலைன் எனும் உப்புநீரைக் கலந்து அளவைக் கூட்டி எல்லாக் காயத்துக்கும் பங்கிடுவார்கள். மருந்தை நீர்த்துவிட்டார்களே என்று பதற வேண்டாம், அதுதான் சரியான முறை. ஒரு காயமும் விடுபடக் கூடாது என்பதற்காகத்தான் அது.

வலிக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. குழந்தையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். இந்த வலியைப் பார்க்க முடியாமல் “கையிலேயே ஒரு ஊசியாப் போட்டுருங்க டாக்டர்” என்று கெஞ்சும் பெற்றோர் உண்டு. கையில் போட்ட சீரம் காயத்துக்குப் போதிய அளவு போய்ச்சேராது. தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள்.

சீரம் போடுவதற்கு முன் ஏதாவது சாப்பிட்டிருக்க வேண்டும், வெறும் வயிற்றோடு போக வேண்டாம். போட்ட பிறகு அரை மணி நேரமாவது அங்கேயே உட்கார்ந்திருங்கள். அபூர்வமாகச் சிலருக்கு ஒவ்வாமை வரும், அதற்கான மருந்தை அங்கே தயாராக வைத்திருப்பார்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத் தடிப்போ மூட்டு வலியோ வந்தால் மறுபடி போய்க் காட்டுங்கள்.

எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சீரம் இருப்பில் இருக்காது. இல்லையென்றால் தடுப்பூசியின் முதல் ஊசியை அங்கேயே போட்டுக்கொண்டு, சீரம் எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று எழுதி வாங்கி அன்றைக்கே போய்விடுங்கள். முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் சீரம் போடலாம், அதற்கு மேல் போடக் கூடாது. அதற்குள் உடலே எதிர்ப்பை உருவாக்கத் தொடங்கியிருக்கும். ஆனால் ஏழு நாள் இருக்கிறதே என்று காத்திருப்பதற்கான அனுமதியாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தையல் பற்றி ஒரு வார்த்தை. நாய்க்கடிக் காயத்தை உடனே தைப்பதில்லை. தைக்கும்போது வைரஸ் ஆழத்துக்குத் தள்ளப்படலாம். முகத்தில் பெரிதாகக் கிழிந்து தைத்தே ஆக வேண்டுமென்றால், முதலில் சீரம் போட்டு, சில மணி நேரம் விட்டு, தளர்வாக ஒன்றிரண்டு தையல் மட்டும் போடுவார்கள். “தழும்பு விழுந்துடும், உடனே தைங்க” என்று அவசரப்படுத்தாதீர்கள்.

தடுப்பூசி: எத்தனை, எப்போது, எங்கே

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இன்னும் போகவில்லை. அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. இந்தியாவில் அதன் உற்பத்தி 2004-ஓடு நின்றுவிட்டது. 1907 முதல் நீலகிரியில், குன்னூரில் இயங்கும் பாஸ்டர் நிறுவனமும் முன்பு அந்த மருந்தைத் தயாரித்ததுதான். இப்போது போடுவது செல் வளர்ப்பு முறையில் செய்யும் பாதுகாப்பான தடுப்பூசி. வயிற்றில் யாரும் போடுவதில்லை.

அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள் போடும் முறை. ஒவ்வொரு முறையும் இரண்டு கையின் மேற்புறத்திலும் 0.1 மி.லி. வீதம் இரண்டு ஊசி. 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், ஆக நான்கு முறை போக வேண்டும். சரியாகப் போட்டால் ஊசி இறங்கிய இடத்தில் கொசுக்கடி போலச் சின்னதாக ஒரு மேடு எழும்பும். இவ்வளவு கொஞ்சமாகப் போடுகிறார்களே என்று சந்தேகப்பட வேண்டாம். தோலில் எதிர்ப்பு அணுக்கள் நிறைய இருப்பதால் அந்தச் சிறு அளவே முழுப் பலன் தரும்.

தனியார் மருத்துவமனைகளில் தசையில் போடுவார்கள். ஒரு முறைக்கு ஒரு முழுக் குப்பி, 0, 3, 7, 14, 28 என்று ஐந்து ஊசி. பெரியவர்களுக்குத் தோள்பட்டைத் தசையில், சின்னக் குழந்தைகளுக்குத் தொடையின் முன்பக்கத்தில். இடுப்பில் போடக் கூடாது. அங்கே கொழுப்பு அதிகம் என்பதால் மருந்து சரியாகச் சேராது. யாராவது இடுப்பில் போட வந்தால் தாராளமாகத் தடுத்துக் கேளுங்கள். தடுப்பூசியின் அளவு குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒன்றுதான். எடையைப் பார்ப்பது சீரத்துக்கு மட்டும்.

0-ஆம் நாள் என்பது கடித்த நாள் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அது முதல் ஊசி போட்ட நாள். நாள் நினைவில் வைக்க ஒரு சுலப வழி உண்டு: முதல் ஊசி திங்கள் என்றால் இரண்டாவது வியாழன், மீதி எல்லாமே திங்கள்தான், ஏனென்றால் 7, 14, 28 மூன்றும் முழு வாரங்கள். நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். ஊசிச் சீட்டைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால், வெளியூர் போனாலும் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்ள முடியும்.

ஒரு ஊசி தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தவறியது தெரிந்ததும் போய்ப் போட்டுக்கொண்டு மற்றவற்றைத் தொடர வேண்டும். இரண்டாவது ஊசியோடு காயம் ஆறிவிடும், வேலைக்கு லீவு கிடைக்காது, அப்படியே நின்றுவிடுவார்கள். காயம் ஆறியதற்கும் வைரஸ் போனதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பத்து நாள் கவனிப்பு

நாயும் பூனையும் நோயின் அறிகுறி காட்டுவதற்குச் சில நாள் முன்புதான் எச்சிலில் வைரஸைக் கக்கத் தொடங்குகின்றன. அறிகுறி வந்த பின் சில நாட்களிலேயே செத்துவிடும். ஆகவே கடித்த நாயோ பூனையோ பத்து நாள் கழித்தும் நல்லபடியாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று பொருள்.

இந்தக் கணக்கைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறவர்கள்தான் ஆபத்தில் சிக்குகிறார்கள். “பத்து நாள் பார்ப்போம், நாய் செத்தா ஊசி போடுவோம்” என்று உட்காரக் கூடாது. ஊசியை அன்றைக்கே தொடங்கிவிட்டு, பக்கத்தில் நாயையும் கவனிக்க வேண்டும். பத்து நாளும் அது நன்றாக இருந்தால் மீதி ஊசிகளில் எதைக் குறைக்கலாம் என்று மருத்துவர் சொல்வார். நாய் காணாமல் போனாலும் செத்தாலும் முழுக் கணக்கையும் முடிக்க வேண்டும். செத்த நாயை வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்கோ உள்ளாட்சி அலுவலகத்துக்கோ தகவல் சொல்லுங்கள். அதே நாய் வேறு யாரைக் கடித்தது என்று தெருவில் விசாரித்து அவர்களையும் ஊசிக்கு அனுப்புங்கள். இது பெரும்பாலும் யாரும் செய்யாத வேலை. இந்த விசாரிப்பால் ஓர் உயிர் பிழைக்கலாம்.

பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். குரங்குக்கோ காட்டு விலங்குக்கோ பொருந்தாது. வளர்ப்பு நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்றாலும் நம் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த ஊசி எப்போது போட்டது, முறையாகக் குளிரில் வைத்த மருந்தா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

பத்தியம் கிடையாது. முட்டை, மீன், கறி, கத்திரிக்காய் எல்லாம் சாப்பிடலாம், குளிக்கலாம், வேலைக்குப் போகலாம். பத்தியத்துக்குப் பயந்து ஊசியையே தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சாராயத்தை மட்டும் அந்த நாட்களில் தவிர்த்துவிடுங்கள்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தடுப்பூசி, சீரம் இரண்டையும் போட்டுக்கொள்ளலாம். பிறந்த குழந்தைக்கும் போடலாம், தொண்ணூறு வயதுப் பாட்டிக்கும் போடலாம். உயிர்போகும் நோய் என்பதால் இந்த ஊசிக்கு விலக்கு யாருக்கும் இல்லை. எச்.ஐ.வி. உள்ளவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர்களுக்கு ரத்தம் வராத கீறலுக்கும் சீரம் தேவைப்படலாம்.

கடித்து இரண்டு வாரம், இரண்டு மாதம் ஆகிவிட்டது, ஊசி போடவில்லை என்றால்? இப்போதே போங்கள். அறிகுறி வராதவரை காலம் கடந்துவிட்டது என்று எதுவும் இல்லை. இத்தனை நாள் கழித்து வந்ததற்கு யாராவது திட்டினாலும் வாங்கிக்கொண்டு ஊசியைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

குழந்தைகள் மறைப்பார்கள். தெருநாயோடு விளையாடாதே என்று சொல்லியிருப்போம், அடிவிழும் என்று பயந்து கீறலைச் சொல்லாமல் விட்டுவிடும். நாய் நக்கினாலும் பிறாண்டினாலும் சொன்னால் அடிக்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சொல்கிற அன்றைக்கு உண்மையாகவே அடிக்காமலும் இருங்கள்.

முன்பே ஊசி போட்டவர்கள்

ஒருமுறை முழுக் கணக்கும் முடித்தவரை மறுபடி நாய் கடித்தால், கழுவுவது அதே பதினைந்து நிமிடம்தான். ஆனால் சீரம் தேவையில்லை, 0, 3 ஆகிய இரண்டு நாட்களில் ஊசி போட்டால் போதும். முழுக் கணக்கையும் முடித்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் மறுபடி கடித்தால் ஊசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். பழைய சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான். சீட்டு இல்லை, போட்டதும் சரியாக நினைவில்லை என்றால் போடாதவராகக் கருதி முழுச் சிகிச்சையும் தருவார்கள்.

கால்நடை மருத்துவர்கள், நாய் பிடிக்கும் பணியாளர்கள், தெருநாய்களுக்குச் சோறு போடுகிறவர்கள், வீட்டில் நாய் வளர்க்கிறவர்கள் ஆகியோர் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். நம் நாட்டில் வழக்கமான கணக்கு 0, 7, பிறகு 21 அல்லது 28-ஆம் நாள் என்று மூன்று முறை. குழந்தையும் நாயும் ஒரே வீட்டில் வளர்கிறார்கள் என்றால், நாய்க்கு ஆண்டு ஊசி போடக் கால்நடை மருத்துவமனைக்குப் போகும் வாரத்திலேயே குழந்தைக்கு இந்த ஊசி போடுவது பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.